மேல் ஸாவுக்கு ஒரு புள்ளி

மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு புத்தகக் கடை. ஸ்லோகப் புத்தகங்களைத் தாண்டினால் சங்கீத அலமாரி. அதன் முன்னால் நிற்கிறவருக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கையில் ஹெல்மெட், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை.

முதலில் எடுத்தது தலையணை கனத்தில் ஒன்று. விரித்த இடத்தில் 72 மேளகர்த்தா அட்டவணை. சுத்த மத்யமத்தில் 36, பிரதி மத்யமத்தில் 36, ஆறாறாகப் பன்னிரண்டு சக்கரங்கள். அபாரமான கணக்குதான். ஆனால் ஸரிகம சொல்லிப் பழகாதவருக்கு அது பெயர்ப் பட்டியல் மட்டுமே. அவர் விரல் இந்து, நேத்ரம், அக்னி என்று இறங்கிப் பாதியில் நின்றுவிட்டது.

அடுத்தது மெல்லிசு, மலிவு. அட்டையில் வீணை, உள்ளே மங்கல் அச்சு. முதல் சரளி வரிசையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். பக்கத்தில் அம்மாவோடு வந்திருந்த சிறுமி எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், இதுல கடைசி ஸாவுக்கு மேல புள்ளியே வைக்கல."

"புள்ளி எதுக்கும்மா?"

"புள்ளி இருந்தாத்தான் மேல் ஸா. இல்லன்னா மொதல்ல பாடின அதே ஸா."

நான் சொல்ல நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்ததை அவள் சொல்லிவிட்டாள். ஒரு புள்ளி விட்டுப்போனால் ஒரு ஸ்தாயியே விட்டுப்போகிறது. ஆரம்பப் பாடப் புத்தகத்தில் நான் முதலில் தேடுவதும் அதைத்தான்.

அவளே ஒன்றை உருவிக் கொடுத்தாள். ஏ.எஸ். பஞ்சாபகேசய்யரின் கானாமிர்த போதினி. "எங்க மிஸ் இதுலேர்ந்துதான் நடத்துவாங்க."

மாயாமாளவகௌளையில் சரளி, ஜண்டை, பிறகு அலங்காரம், கீதம். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் அதே வரிசை. இதில் இலக்கணம் தனியாக வந்து பயமுறுத்தாது. ஏழு அலங்காரங்களைப் பாடி முடிப்பதற்குள் ஏழு தாளமும் கைக்கு வந்துவிடும். துருவ தாளத்துக்கு 14 அட்சரம், திஸ்ர திரிபுடைக்கு 7 என்று உருப்போட வேண்டியதில்லை.

அவர் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். வலது கை தொடைக்குப் போனது. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஆதி தாளம் எங்கேயோ கச்சேரியில் பார்த்துப் படிந்திருக்கிறது. உதடு ஸரிகமபதநிஸ என்று அசைந்தது. இரட்டைக் கோடு வந்த இடத்தில் கடைசி வீச்சு சரியாக விழ, முகம் முழுக்கச் சிரிப்பு. கண்ணும் கையும் ஒரே இடத்தில் வந்து சேரும்படி வரி பிரித்து அச்சடித்திருந்தால், அந்தப் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

"இந்த ஸாவை எந்த உயரத்துல ஆரம்பிக்கணும்னு போட்டிருக்கா?"

"அது புக்ல இருக்காது அங்கிள். உங்களுக்கு எத்தனை கட்டைன்னு மிஸ்தான் பாடச் சொல்லிப் பாப்பாங்க."

"யார்கிட்ட கத்துக்கறீங்க சார்?" என்றார் அம்மா.

"இனிமேதான் ஆள் பாக்கணும். ரிட்டயர் ஆகறதுக்குள்ள ஆரம்பிச்சுடணும்னு..."

"எங்க மிஸ் பெரியவங்களுக்கும் எடுக்கறாங்க. சனி, ஞாயிறு காலையில."

அவர் பணம் கட்டி, பில்லின் பின்பக்கத்தைத் திருப்பி, கடைக்காரரிடம் பேனா கேட்டார்.