முன்பக்கம் இல்லாத கூட்டம்

கூட்டத்தின்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆயிரம் கைகள் ஒரே சமயத்தில் உயர்கிற இடத்தில் சிந்தனை நின்றுபோகிறது என்பது எழுத்துடன் சம்பந்தப்பட்ட பலருக்கும் உள்ள எண்ணம்தான். இந்தச் சந்தேகம் தாளத்தையும் தொடுகிறது. தாளம் உடம்பைப் பிடித்துக்கொண்டால் மனசு தன் காவலைத் தளர்த்திவிடும். ராணுவங்களுக்குப் பேண்டு வாத்தியம் தேவைப்பட்டது காரணமில்லாமல் இல்லை. டெக்னோ சங்கீதத்தின் லட்சணங்களைப் பாருங்கள்: நிமிஷத்துக்குச் சுமார் 130 அடி, மாறாத நாலு எண்ணிக்கை, பெரும்பாலும் வார்த்தையே கிடையாது, விடிய விடிய நடக்கும். அணிவகுப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அணிவகுப்புகளால் சீரழிந்த பெர்லின் நகரத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

சில வாரங்கள் அந்த ஊரில் இருக்க நேர்ந்தது. ஆராய்ச்சி மாணவியாக அங்கிருக்கும் நண்பரின் மகள் அழைத்துப் போனாள். "ராத்திரி ஒரு மணிக்கு மேலதான் மாமா களை கட்டும். இப்பவே கொஞ்சம் தூங்கிக்குங்க" என்றாள். போன இடத்தின் பெயர் ட்ரெஸார். ஜெர்மன் மொழியில் பெட்டகம், பெட்டக அறை என்று பொருள். அலங்காரத்துக்கு வைத்த பெயரல்ல. லைப்ஸிகர் தெருவில் வெர்ட்ஹைம் என்ற யூதக் குடும்பத்தின் பிரம்மாண்டமான கடை இருந்தது. நாஜிகள் அதை அவர்களிடமிருந்து பறித்தார்கள். யுத்தத்தில் சிதைந்த கட்டிடம் பிறகு இடிக்கப்பட்டது. பூமிக்கடியில் பெட்டக அறை மட்டும் மிஞ்சிற்று. 1989-ல் சுவர் திறந்தது. 1991-ல் அந்த அறையில் இந்த இடம் ஆரம்பமாயிற்று. 2005-ல் அங்கே மூடப்பட்டு, 2007-லிருந்து கேபெனிக்கர் தெருவில் ஒரு பழைய மின்நிலையத்தில் நடக்கிறது.

வாசலில் கைப்பேசியின் காமிரா மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நீண்ட சுரங்கப் பாதையைக் கடந்தால் தாழ்ந்த கூரையுள்ள நிலவறை. புகை, வெட்டி வெட்டி மறையும் வெள்ளை வெளிச்சம். தட்டுகளைச் சுழற்றுகிறவர் இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால், பாதி இருட்டில். சப்தம் காதில் விழுமுன் விலா எலும்பில் விழுகிறது. காதுக்குத் தக்கை வைத்துக்கொண்ட பிறகும் எலும்பு கேட்டுக்கொண்டேயிருக்கிறது.

முதல் அரைமணி நேரம் என் காது ராகத்தைத் தேடிற்று, கிடைக்கவில்லை. பிறகு வேறுவிதமாகக் கேட்கப் பழகியது. ஒரே அடிதான், மணிக்கு 7,800 தடவை. ஆனால் அதன்மேல் ஒரு ஜால்ராச் சத்தம் சேர்கிறது; சில நிமிஷம் கழித்து அது கொஞ்சம் கூர்மையாகிறது; இன்னொன்று தெரியாமல் விலகிக்கொள்கிறது. மாறாத ஒன்று இருப்பதால்தான் இவ்வளவு சின்ன மாற்றங்கள் புலப்படுகின்றன.

மூன்று மணி சுமாருக்கு அந்த அடி திடீரென்று நின்றது. மேலே மெல்லிய ரீங்காரம் மட்டும். எட்டு ஆவர்த்தனம் இருக்கலாம். நான் சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் நிற்கவில்லை. தூணருகே கண்ணை மூடிய ஓர் இளைஞன் தோளை மட்டும், பாதி வேகத்தில் அசைத்துக்கொண்டிருந்தான். நரைத்த தலையுடன் அறுபதைத் தாண்டிய ஒரு பெண் இரட்டை வேகத்தில். அடி நின்றபோது அவரவர் தாளம் வெளியே தெரிந்தது. மறுபடி அடி விழுந்தபோது எல்லோரும் அதில் இறங்கினார்கள், அவரவர் வழியில். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எந்தத் திசையும் முன்பக்கமாக இல்லை. ராணுவத்தில் தாளம் ஒன்று, நடையும் ஒன்று. இங்கே தாளம் ஒன்று, நடை ஆளுக்கொன்று.

இந்தச் சங்கீதம் பெர்லினில் பிறந்ததல்ல. 1980-களில் டெட்ராயிட் நகரத்தில் ஹ்வான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் ஸாண்டர்ஸன் போன்ற கறுப்பு இளைஞர்கள் உருவாக்கியது. மோட்டார் தொழிற்சாலைகளின் ஊர். 1950-ல் சுமார் 18.5 லட்சம் பேர் இருந்த இடத்தில் 2020-ல் சுமார் 6.4 லட்சம். வியாபாரத்தில் தோற்றுப் பழைய சாமான் கடைக்கு வந்துவிட்ட ரோலண்ட் கம்பெனியின் தாள யந்திரங்களை இவர்கள் சல்லிசாக வாங்கினார்கள். மனிதனின் வேலையைப் பறித்த யந்திரத்தின் துடிப்பையே எடுத்து மனித உடம்புக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அதே ஊரின் அண்டர்கிரவுண்ட் ரெஸிஸ்டன்ஸ் குழுவினர் முகத்தை மூடிக்கொண்டு மேடையேறியவர்கள், நட்சத்திரமாக மறுத்தவர்கள். ட்ரெஸார் 1991-ல் வெளியிட்ட முதல் இசைத்தட்டு இவர்களுடையது.

இதையெல்லாம் புனிதப்படுத்த வேண்டியதில்லை. போதைப் பொருள் உண்டு. யார் உள்ளே வரலாம் என்பதை வாசலில் நிற்பவர் ஒரு பார்வையில் தீர்மானிக்கிறார். முகமின்மையைக் கொண்டாடும் இடத்துக்கு முகம் பார்த்துத்தான் அனுமதி. 2024-ல் பெர்லினின் டெக்னோ கலாச்சாரம் ஜெர்மனியின் மரபுச் செல்வப் பதிவேட்டில் ஏறிவிட்டது. பதிவேட்டில் ஏறிய கலையின் கதி நமக்குத் தெரியாததல்ல. பெர்லினுக்கு இந்தக் கௌரவம் சேர்கிறபோது டெட்ராயிட் அடிக்குறிப்பாகச் சுருங்குகிற அபாயமும் இருக்கிறது.

இருந்தும் அந்த எட்டு ஆவர்த்தனம் ஓர் அளவுகோலைத் தருகிறது என்று நினைக்கிறேன். கூட்டம் கூட்டமாக இருப்பதே குற்றமில்லை. பொதுத்தாளம் நின்றுபோகும் நேரத்தில் தனி ஆள் என்ன செய்கிறான் என்பதுதான் விஷயம். உறைந்து நின்று அடுத்த அடிக்காக முன்பக்கம் பார்க்கிறானா, தன்னுடையது ஒன்றை வைத்திருக்கிறானா? இந்தக் கேள்வியை நிலவறைகளில் ஆடுகிறவர்களிடம் மட்டும் கேட்டால் போதாது. கட்சிகளிடமும், பக்தர்களிடமும், இலக்கிய கோஷ்டிகளிடமும் கேட்கலாம்.