பலாங்கொடைக் கல் யார் கணக்கில்?

கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமியைப் பற்றி எழுதுகிறவர்கள், நடராசர் சிலைக்குப் போய்ச் சேரும் அவசரத்தில், ஒரே வரியில் தாண்டிவிடும் செய்தி ஒன்று உண்டு. அவர் முதலில் நிலவியலாளர். இலங்கையில் தோரியனைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தவர். இந்த வரி எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. பொய் என்பதால் அல்ல, மிகவும் வழுவழுப்பாக இருக்கிறது என்பதால். அதைத் துருவப் புகுந்தால் முதல் பிடியிலேயே கை நழுவுகிறது. கல்லைப் பொறுக்கி எடுத்தவர் ஹாலண்ட் என்பவர். புதுக் கனிமம் என்று நிறுவிப் பெயர் வைத்தவர் லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டின் விண்டம் டன்ஸ்டன். குமாரசுவாமியோ அதை முதலில் யுரேனினைட் என்ற யுரேனியத் தாதுவாகப் பதிவு செய்தவர். அதாவது, கண்டுபிடித்தவர் என்று நாம் கொண்டாடுகிறவர் அந்தக் கல்லுக்கு வேறொன்றின் பெயரைச் சூட்டியிருக்கிறார். அப்படியானால் அவர் கண்டுபிடித்ததுதான் என்ன?

பெயர் மாறிப்போனதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. 1903இல் இலங்கைக் கனிம ஆய்வின் இயக்குநரானபோது அவருக்கு வயது 26கூட நிரம்பவில்லை. அந்த ஆண்டுதான் கியூரி தம்பதியருக்கு நோபல் பரிசு. யுரேனியத் தாது என்றால் ரேடியம், ரேடியம் என்றால் உலகமே காதைத் தீட்டிக்கொண்டிருந்த காலம். அடுத்த ஆண்டு சப்ரகமுவ மாகாணத்தின் பலாங்கொடைப் பக்கம், இரத்தினக்கல் தோண்டுவோர் 'இல்லம்' என்று சொல்லும் சரளைப் படுகையிலிருந்து இந்தக் கறுப்புக் கற்கள் வந்தன. சரளையைக் கூடையில் அரித்தால் லேசானவை நீரோடு போய்விடும். கனமானவை அடியில் தங்கும். நீலமும் புஷ்பராகமும் தேடுகிறவனுக்கு அந்தக் கறுப்பு வெறும் கழிவு. நிலவியலாளனுக்கு அப்படியல்ல. சிறு கனசதுரங்கள், ஓடை நீர் உருட்டி விளிம்பு மழுங்கியவை, தண்ணீரைப்போல் ஒன்பது மடங்கு கனம், கதிரியக்கமும் உண்டு. யுரேனினைட்டும் கறுப்பு, அதுவும் கனம், அதன் படிகமும் இதே வகை. கண்ணாலும் கையாலும் அறியக்கூடியது அவ்வளவுதான். அந்த எல்லைக்குள் நின்று பார்த்தால் அவர் சொன்னது நியாயமான விடை.

எல்லையைத் தாண்ட வேண்டுமானால் கல்லை அழிக்க வேண்டும். பொடித்து நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள்; இந்தக் கல் அதில் எளிதாகவே கரையும். அமிலம் மிகுந்திராதபடி சரிசெய்து, ஆக்சாலிக் அமிலத்தை விடுகிறார்கள். இது யுரேனினைட்டாக இருந்திருந்தால் யுரேனியம் கரைசலிலேயே மஞ்சளாக நின்றிருக்கும். அடியில் கொஞ்சமாக ஏதோ படிந்திருக்கும். நடந்ததோ தலைகீழ்: கல்லின் பெரும்பகுதி வெள்ளை வீழ்படிவாக இறங்கியது. அந்த வெள்ளையிலும் சீரியமும் அதன் உறவுத் தனிமங்களும் கலந்திருக்கக்கூடும் என்பதால், அம்மோனியம் ஆக்சலேட்டை மிகுதியாகச் சேர்த்தால் தோரியம் மட்டும் மறுபடி கரைந்து பிரியும். அதை மீட்டுச் சூளையில் சுட்டு, ஆறவைத்து, நிறுத்தால் தோரியம் ஆக்சைடு. கணக்கு பார்த்தபோது கல்லின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அதுவே. யுரேனியம் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருந்தது. அதுவரை தெரிந்திருந்த தோரைட்டில் தோரியம் சிலிக்காவோடு பிணைந்திருக்கும். இங்கே சிலிக்கா பேருக்குத்தான் இருந்தது. இப்படித்தான் 1904இல் அது புதுக் கனிமம் ஆயிற்று. ஆகவே என் வாதம் இது: தோரியனைட்டைக் கண்டுபிடித்த இடம் ஓடை அல்ல, வடிதாளுக்கும் தராசுக்கும் நடுவே.

வேதிப் பகுப்பு வெறும் எடுபிடி வேலைதானே, எந்தக் கல்லைப் பகுக்கலாம் என்று தெரிந்தவனுக்கல்லவா புகழ் சேர வேண்டும் என்று கேட்கலாம். இதற்கு இலங்கைக் கல்லிலேயே பழைய சாட்சி இருக்கிறது. சிர்கான் இனத்துக் கற்களைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் கரைத்துப் பார்த்திருந்தார்கள். ஸ்வீடனின் பெரிய பகுப்பாய்வாளர் பெர்க்மன் நாற்பது சதவீதம் அலுமினா என்று கணக்குக் கொடுத்தார். 1789இல் பெர்லினில் கிளாப்ரோத் இலங்கைச் சிர்கானைக் கரைத்து, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அதுவரை யாரும் அறியாத ஒரு மண் என்று காட்டினார். சிர்கோனியம் என்ற தனிமம் அதிலிருந்துதான் வந்தது. இருவரிடமும் இருந்தது ஒரே வகைக் கல், ஏறக்குறைய ஒரே வகை அமிலங்கள். பழகிய ஒன்றின் பெயரை அந்தப் படிவுக்குத் தூக்கிக் கொடுத்துவிடாமல், 'இது அலுமினாவைப்போல் நடந்துகொள்ளவில்லையே' என்று நின்றதில்தான் வித்தியாசம். எடுபிடி வேலையில் அந்த நிற்றல் கிடையாது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. கல் இலங்கையுடையது, அனுப்பியவர் பாதித் தமிழர், பெயரும் பெருமையும் லண்டனுக்கு. இது ஏகாதிபத்தியக் கணக்கல்லவா? ஓரளவு ஆம். மாதிரிகள் லண்டனுக்குப் போயாக வேண்டும் என்ற ஏற்பாடே அந்தக் கணக்கின் பகுதிதான். தோரியம் அன்று காஸ் விளக்கு மேன்டிலுக்கு மூலப்பொருள், பெட்ரோமாக்ஸில் தொங்கும் அதே வலை. ஆகவே இந்த ஆர்வத்தில் வியாபாரமும் கலந்திருந்தது. ஆனால் அநியாயத்துக்குப் பரிகாரமாக நடக்காததை நடந்ததாக எழுதினால் அது குமாரசுவாமிக்கும் மரியாதை ஆகாது. மேலும், லண்டனில் படித்து அரசு நியமனத்தில் வந்த இயக்குநர் அவர். அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றவரும் அல்லர்.

இந்த இடத்தில் தீர்ப்பு எழுதி முடித்திருக்கலாம். முடியவிடாமல் செய்தது படிகவியல். தோரியம் ஆக்சைடும் யுரேனியம் ஆக்சைடும் அணு அடுக்கில் ஒரே வார்ப்பு. இரண்டுக்கும் புளோரைட்டின் அமைப்பு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று தடையில்லாமல் போய் உட்காரும். அதனால் இயற்கையில் இரண்டுக்கும் நடுவே வேலி கிடையாது; தோரியம் மிகுந்தால் ஒரு பெயர், யுரேனியம் மிகுந்தால் மறு பெயர் என்று நாம்தான் பாதியில் கோடு போட்டிருக்கிறோம். டன்ஸ்டனே 1906இல் காலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வகையைப் பற்றி எழுதினார். அதில் தோரியம் ஆக்சைடு அறுபது சதவீதத்தை ஒட்டி இறங்க, யுரேனியம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு ஏறியிருந்தது. ஆக, கனசதுரத்தைப் பார்த்து யுரேனினைட்டின் உறவு என்று சொன்ன கண் குடும்பத்தைச் சரியாகவே அடையாளம் கண்டது. ஆளைத்தான் மாற்றிச் சொன்னது. தராசு ஆளைச் சொன்னது, குடும்பத்தைச் சொல்லவில்லை. எக்ஸ் கதிர்ப் படிகவியல் பிறப்பதற்கு முன்பே இரண்டும் நடந்துவிட்டதால் யார் எதைச் சொன்னார் என்பது அப்போது யாருக்கும் புரிந்திருக்க வழியில்லை.

தராசுக்கும் எல்லாம் தெரிந்துவிடவில்லை. கல்லைக் கரைத்தால் வாயு வெளிவரும். வேதியியலாளர் ராம்சே அதைப் பிடித்துப் பார்த்தார், ஹீலியம், கிராமுக்கு ஒன்பது கன சென்டிமீட்டர் அளவுக்கு. அது எடைக் கணக்கில் தென்படாத அளவு. அதே ஹீலியத்தை வைத்துத்தான் 1910இல் இயற்பியலாளர் ஸ்ட்ரட், ஆண்டுக்கு எவ்வளவு சுரக்கிறது என்று நேரடியாக அளந்து, கல்லுக்குக் குறைந்தது இருபத்தைந்து கோடி வயது என்றார். ஹீலியம் கசிந்துவிடும் என்பதால் அது அடிமட்டக் கணக்கு. அந்தப் பக்கத்துப் பாறைகளின் வயது ஐம்பது கோடியைத் தாண்டும் என்பது இன்றைய அறிவு. இதற்கிடையே ஆங்கிலம் பழக லண்டன் வந்த ஓட்டோ ஹான் என்ற கரிம வேதியியலாளர், தோரியனைட்டிலிருந்து எடுத்த சரக்கை ராம்சேயிடம் வாங்கி ரேடியத்தைப் பிரிக்க உட்கார்ந்தார். ரேடியம் விடும் வாயு பாதியாகத் தேய நாலு நாள் ஆகும். இங்கே ஒரு பகுதியிலிருந்து வந்ததோ ஒரு நிமிடத்துக்குள் பாதியானது. அது தோரியத்தின் வாயு, ஆனால் சாதாரணத் தோரியம் விடுவதைவிடப் பல மடங்கு வீரியம். 1905இல் அதற்கு ரேடியோதோரியம் என்று பெயர் வைத்தார். முட்டாள்தனமும், தோரியத்திலிருந்து பிறப்பதாக ஏற்கெனவே தெரிந்திருந்த தோரியம்-எக்ஸும் சேர்ந்த கலவை என்று கதிரியக்க வேதியியலாளர் போல்ட்வுட் கேலி செய்தார். பிறகு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. டன்ஸ்டனின் சதவீதப் பட்டியலை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதில் ரேடியோதோரியத்துக்கு இடமில்லை.

குமாரசுவாமிக்குக் கனிமவியலில் சான்று தேடுகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் இதுவே அல்ல என்பது என் எண்ணம். கங்கப்பிட்டியாவில், சுண்ணப்பாறை மற்றொரு பாறையைத் தொடும் விளிம்பில், நீல மணிகளாகக் கிடந்த ஒன்றை அவர் கவனித்தார். பிரிட்டிஷ் மியூசியத்தின் பிரையர் அதைப் பகுத்தார்; போரான் இருந்தது. 1903இல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது, கனிமத்துக்கு செரண்டிபைட் என்று பெயர். பார்த்தவர் யார், கரைத்தவர் யார் என்று அங்கே யாரும் வழக்காட வேண்டியதில்லை. வாழ்க்கை வரலாற்றுக்காரர்கள் அதை விட்டுவிட்டுத் தோரியனைட்டைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணமும் தெரிகிறது: செரண்டிபைட்டில் ரேடியமும் இல்லை, அது எந்த விளக்கையும் எரிக்கவில்லை, எந்த ஹானும் அதைத் தேடி வரவில்லை.