கேட்காமல் விட்ட கேள்வி

போன வாரம் கடற்கரைச் சாலையில் காலை நடைக்குப் போனபோது பழைய அலுவலக நண்பர் ஒருவரைப் பார்த்தேன். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோயாம். கதிர்வீச்சு சிகிச்சை ஆரம்பிக்கப் போகிறார்கள். ஐந்து வருடத்துக்கு முன் அதே சிகிச்சை எடுத்தவன் நான் என்பதால் உட்காரவைத்து விசாரித்தார். எத்தனை நாள், வலிக்குமா, என்ன சாப்பிடலாம் என்று எல்லாம் கேட்டார். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. நானும் அன்று அதைத்தான் கேட்காமல் விட்டேன்.

34 வருடம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று புதிதாக வந்த பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். மருத்துவமனையில் நீட்டிய சம்மதப் படிவத்தில் மட்டும் காட்டிய இடத்தில் போட்டுவிட்டேன். தாம்பத்தியம் பற்றியும் அதில் ஒரு வரி இருந்தது பின்னால்தான் தெரிந்தது.

சிகிச்சையில் வலி இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு வாரம், மொத்தம் 20 தடவை. தண்ணீர் குடித்து மூத்திரப்பை நிரம்பிய பிறகு மேசையில் படுக்க வேண்டும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். முதல் சில மாதம் எல்லாம் பழையபடிதான் இருந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். ஒரு வருடம் ஆவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக விறைப்பு குறைந்தது. விந்தும் வற்றிப்போனது.

அதன் பிறகு நான் செய்ததுதான் தப்பு. பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டேன். ராத்திரி அடிக்கடி எழுந்திருக்கிறேன், உனக்குத் தூக்கம் கெடும் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பல மாதம் கழித்து ஒருநாள் கேட்டாள்: "என்னங்க, உங்க உடம்புல ஏத்துன கதிர் எனக்கு ஒட்டிக்கும்னு தள்ளிப் படுக்கிறீங்களா? இல்ல, என்னைப் பிடிக்கலையா?"

மரி கியூரியும் பியேர் கியூரியும் 1898இல் ரேடியம் கண்டுபிடித்ததை பிரெஞ்சுப் பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்தவன் நான். கதிர் தரும் பொருளையே உடம்புக்குள் வைக்கும் சிகிச்சைக்கு பிரெஞ்சில் 'கியூரிதெராப்பி' என்றுதான் பெயர். எனக்குச் செய்தது அதுவல்ல. வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர், இயந்திரத்தை நிறுத்தினால் நின்றுவிடும், உடம்பில் தங்காது. இந்த ஒரு வார்த்தையைக்கூட நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

இருவரும் டாக்டரிடம் போனோம். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள்தான் கேட்டாள். மகன் வயதுள்ள டாக்டர் கூச்சப்படாமல் விளக்கினார். விறைப்புக்கான நரம்புகளும் நுண்ணிய ரத்தக்குழாய்களும் புராஸ்டேட்டை ஒட்டியே போகின்றன. அறுவை சிகிச்சை என்றால் பாதிப்பு உடனே தெரியும். கதிர்வீச்சில் ரத்தக்குழாய்கள் மெதுவாகச் சுருங்குவதால் மாதங்கள், ஒன்றிரண்டு வருடங்கள்கூடக் கழித்துத் தெரியும். கூடவே ஹார்மோன் ஊசி போட்டால் ஆசையும் குறையும். எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது. வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாம் சேரும். மாத்திரையால் பலருக்குப் பலன் உண்டு. ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. டாக்டரைக் கேட்காமல் யாரும் வாங்கக் கூடாது.

மாத்திரையால் எனக்குப் பாதி பலன்தான். ஆனால் பாய் அன்றைக்கே உள்ளே வந்துவிட்டது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர்கிட்ட வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போகணுமா சார்?" என்றார்.

"கட்டாயம். நீங்க கேக்க மாட்டீங்க, அவங்க கேப்பாங்க" என்றேன்.