மணம் அறியும் மரபு

கண்டி நகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் கறுவாவும் கராம்பும் சாதிக்காயும் விளைவதால் அது மணங்களுக்குப் பேர்பெற்ற ஊராக இருக்கிறது. ஆயினும் அங்கு வாழும் விலங்குகளுக்கு அவ்வூர் எவ்வாறு மணக்கும் என்ற வினாவை அரிதாகவே எவரும் எழுப்புகின்றனர். தலதா மாளிகைக்குப் பின்னே உயரும் உடவத்தகெலே காட்டில் தேவாங்கும் மரநாயும் குரங்கும், பேராதனைப் பூங்காவின் உயர்ந்த மரங்களில் பழந்தின்னி வௌவால்களும், எசல பெரஹர என்னும் ஊர்வல விழாவின் வீதிகளில் யானைகளும், இவற்றோடு மனிதரும் என, ஒரே மூதாதையிடமிருந்து நுகர்புலனைப் பெற்று, அதனை வெவ்வேறு அளவில் பெருக்கியும் கைவிட்டும் வந்த முலையூட்டிகள் அங்கே சில மைல் தொலைவுக்குள் வாழ்கின்றன.

அந்த மூதாதையைப் பற்றிய சான்று சீனாவின் யுன்னான் பகுதியிலிருந்து கிடைத்தது. மோர்கனுகோடான், ஹட்ரோகோடியம் என்னும் மிகச் சிறிய விலங்குகளின், 19 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான மண்டையோடுகளை உடைக்காமல் கதிர்ப்படங்களால் ஆராய்ந்து 2011இல் வெளியிடப்பட்ட முடிவு, முலையூட்டிகளின் மூளை முதன்முதலில் பெரிதானபோது அதில் பெரும்பங்கு வளர்ச்சி மூக்கின் செய்திகளைப் பெறும் நுகர்குமிழ்களிலும் அவற்றைச் சார்ந்த பகுதிகளிலுமே நிகழ்ந்தது எனக் காட்டியது. மோப்பம் தாழ்ந்த புலன், அறிவு வளர்ந்தால் அது தேயும் என்று நெடுங்காலம் நிலவிய எண்ணத்திற்கு இது நேர் எதிரானது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு உடற்கூற்றறிஞர் போல் புரோக்கா, மனித மூளையில் நுகர்குமிழ் ஒப்பளவில் சிறியதாக இருப்பதைக் கொண்டு மனிதரை மோப்பம் குன்றிய இனங்களோடு சேர்த்தார். ஆனால், முலையூட்டிகளின் மூளை வளரத் தொடங்கியதே இரவில் மணத்தைத் தேடித் திரிந்த சிற்றுயிர்களிடம் என்பதை அறிந்த பின், அவ்வகைப்பாட்டை ஏற்பது கடினம்.

மூக்கறையின் உட்புறத்தை மூடிய மென்படலத்தில் உள்ள நரம்புக்கலங்களின் நுனியில், காற்றில் வரும் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் அமைந்துள்ளன. இவற்றை வாங்கிகள் என்பர். லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் ஆகிய இருவரும் இவற்றுக்குரிய மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்து, 2004இல் நோபல் பரிசு பெற்றனர். ஒரு நரம்புக்கலம் பெரும்பாலும் ஒரே வகை வாங்கியை மட்டுமே தாங்குகிறது. ஒரு மணமோ பல வகை வாங்கிகளை வெவ்வேறு அளவில் தூண்டுவதால், எழுத்துகள் கூடிச் சொல்லாவதைப் போல அவற்றின் சேர்க்கையே மணமாக உணரப்படுகிறது. கூர்ப்பின் போக்கில் இம்மரபணுக்கள் இரட்டித்துப் பெருகுகின்றன; பயன்படாதவை சிதைந்து, செயலற்ற எச்சங்களாக மரபுத்தொகுதியிலேயே தங்கிவிடுகின்றன. 2014இல் வெளிவந்த கணக்கின்படி செயற்படும் மரபணுக்கள் மனிதரில் 396, சிம்பன்சியில் 380, நாயில் 811, ஆபிரிக்க யானையில் 1948 ஆகும். மோப்பத்திற்குப் பேர்பெற்ற நாயை யானை இருமடங்குக்கும் மேலாக விஞ்சுகிறது என்பது, யானையைத் தந்தத்தாலும் உருவத்தாலும் மட்டுமே அளந்து பழகியவர்களைச் சற்று நிறுத்திச் சிந்திக்கவைக்க வேண்டும்.

ஆசிய யானையின் மோப்பம் பற்றிய செய்திகளும் வியப்புக்குரியவை. கருத்தரிக்கும் பருவத்தை நெருங்கிய பெண் யானையின் சிறுநீரில் உள்ள ஒரு சேர்மம், நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் துணையை அழைக்கப் பயன்படுத்தும் அதே சேர்மம் என்பது 1996இல் தெரியவந்தது. ஆண் யானை அதைத் தும்பிக்கை நுனியால் தொட்டு, வாயின் மேலண்ணத்தில் வைத்து, அங்குத் திறக்கும் யாக்கோப்சனின் உறுப்பு என்னும் இரண்டாவது நுகர்வாயிலுக்குச் செலுத்துகிறது. மதநீர் ஒழுகும் யானையின் கன்னத்தில் வண்டுகள் மொய்ப்பதாகத் தமிழ்ப் புலவரும் வடமொழிப் புலவரும் பாடியதைக் கவிமரபு என்றே பலர் கொள்வர்; ஆனால் இளம் ஆண் யானையின் மதநீர் தேன் மணம் உடையது என்பதை 2002இல் ஓர் ஆய்வு உறுதிசெய்தது. வயது முதிர முதிர அம்மணம் கடுமையாகிறது. ஆகவே தான் இளையவன் என்பதை மணத்தாலேயே அறிவிக்கும் யானை, மூத்த ஆண்களின் சினத்திலிருந்து தப்புகிறது. இத்தகைய விலங்கைப் பட்டாலும் மின்விளக்காலும் ஒப்பனை செய்து, கொப்பரைப் பந்தங்களின் புகைக்கு நடுவே நடத்திச் செல்லும் பெரஹர, முழுவதும் மனிதக் கண்ணுக்காக அமைந்த விழாவாகும்; அதில் யானை எதனை முகர்கிறது என்பது அதன் நலம் பேணுவோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

உடவத்தகெலேயின் குரங்கும் தேவாங்கும் முதனிகள் என்னும் ஒரே வரிசையின் இரு கிளைகள். இரவில் திரியும் தேவாங்கு ஈரமான மூக்கைக் காத்து வந்துள்ளது. கைகளையும் கால்களையும் தன் சிறுநீரால் நனைத்துக்கொண்டு, செல்லும் கிளைகளில் தன் வருகையைப் பதிக்கிறது. பகலில் வாழும் செங்குரங்குக்கும் மனிதருக்கும் யாக்கோப்சனின் உறுப்பு செயலிழந்துவிட்டது. பழங்களின் நிறத்தைப் பிரித்தறியும் கண் கிடைத்ததால் மூக்கு உடனே தளர்ந்தது என்ற கருத்து ஒரு காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. பிற்கால மரபணு ஒப்பீடுகளோ இழப்பு படிப்படியாகவே நிகழ்ந்ததாகக் காட்டுகின்றன. முழு இழப்பைக் காண வேண்டுமாயின் திருகோணமலைக் கடலுக்குச் செல்ல வேண்டும். அங்கு வரும் எண்ணெய்த் திமிங்கலத்திற்கு நுகர்குமிழே இல்லை.

இனத்தின் வரலாறு இவ்வாறிருக்க, தனி உயிரில் மூக்கு உருவாகும் விதமும் அதே அளவு நுட்பமானது. முளையத்தின் தலைப்பகுதியில் தடிக்கும் ஒரு சிறு தோற்படலம் உட்குழிந்து மூக்கறையாகிறது. இனப்பெருக்க ஓமோன்களை ஆளும் நரம்புக்கலங்களும் அங்கேயே தோன்றி, நுகர்நரம்பின் வழியே மூளைக்குள் இடம்பெயர்கின்றன. அப்பயணம் தடைப்பட்டவர்கள் மோப்பமும் இயல்பான பருவமலர்ச்சியும் இன்றி வளர நேர்கிறது. தாய் உண்ட உணவின் மணம் பனிக்குட நீரில் கலப்பதால் குழந்தை பிறக்கும் முன்பே அதற்குப் பழகிவிடுகிறது; கர்ப்ப காலத்தில் சோம்பு மணமுள்ள உணவு உண்ட தாய்மாரின் குழந்தைகள், பிறந்த சில மணி நேரத்திலேயே அம்மணத்தை விரும்பியதை 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வு பதிவுசெய்தது. கறுவாவும் ஏலமும் சேர்ந்த கறியை உண்ணும் மலைநாட்டுத் தாயின் குழந்தைக்கும் அந்தப் பழக்கம் கருவிலேயே தொடங்கும் என்று கருத இடமுண்டு.

யானைக்கன்று ஏறத்தாழ 22 மாதங்கள் கருவில் இருந்து பிறந்த பின்னரும், மணத்தால் உணவை அறியும் இக்கல்வி தொடர்கிறது: அது தாயின் வாய்க்குள் தும்பிக்கையை விட்டு, அவள் மெல்லும் தழையை முகர்ந்து, எதனை உண்ணலாம் என்பதை அறிகிறது. கண்டிக்கு அருகே, கேகாலை மாவட்டத்தில் 1975இல் தொடங்கப்பட்ட பின்னவல யானைகள் சரணாலயத்தில் தாயும் கன்றும் கூட்டமாக வாழ்வதால் இக்கல்விக்கு இடமிருக்கிறது. தனியே கட்டி வளர்க்கப்படும் யானைக்கு அது இல்லை. இரண்டு யானைகள் சந்திக்கையில் தும்பிக்கையை மற்றதன் வாயிலும் கன்னச்சுரப்பியிலும் வைத்து அறிந்துகொள்வது அவற்றின் இயல்பு; பெரஹரவுக்காகப் பல ஊர்களிலிருந்து கண்டிக்குக் கொண்டுவரப்படும் யானைகளை, தொல்லையென எண்ணி இழுத்துப் பிரிக்காமல், பாதுகாப்பாக இயன்ற அளவில் அவ்வாறு முகர்ந்துகொள்ள விடுவது பாகர்களால் செய்யக்கூடியதே.