நாவை அடகு வைக்கலாமா?

மொழி தெரியாத நாட்டிலே நல்ல ஊதியத்தில் வேலை கிடைக்குமா? சங்கரன்கோவிலிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் உள்ள இளைஞர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பள்ளி ஆசிரியர் என்றால் பாரெங்கும் நடப்பது தெரிந்திருக்கும் என்பது அவர்களது எண்ணம். விசைத்தறியின் இரைச்சலிலே தந்தையின் செவி மங்கியதைக் கண்ட மகன், கடலுக்கு அப்பால் கண்ணோட்டுகிறான். தவறா? தவறே அல்ல!

கேள்விக்கு விடையும் மறைபொருள் அன்று. கிடைக்கும்! 1973இல் எண்ணெய் விலை ஏறிய பின்னர் வளைகுடா நாடுகளிலே மாடங்கள் எழும்பின. அரபு மொழியின் முதல் எழுத்தையும் அறியாத நம்மவர் ஆங்கே சென்று கம்பி வளைத்தனர், குழாய் பொருத்தினர், வண்டி ஓட்டினர். 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வின்படி, ஏறத்தாழ 22 இலட்சம் தமிழ்நாட்டினர் அயல்நாடுகளில் இருந்தனர். அத்துணை பேரும் அந்தந்த நாட்டு மொழியைக் கற்றுக்கொண்டா கப்பல் ஏறினர்? இல்லை! கைத்திறனுக்கு அகராதி தேவைப்படவில்லை.

எனவே, கேட்க வேண்டிய கேள்வி வேறு. வேலை செய்யக் கை போதும். கூலி கேட்க வாய் வேண்டுமே! தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவே நின்று பேசுகிறவன் எவன்? அந்தப் பேச்சுக்கு அவன் பெறும் விலை என்ன?

வரலாறு விடை சொல்லும், தோழர்களே! 19ஆம் நூற்றாண்டிலே இலங்கையின் காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும், அதன் பின்னர் மலேயாவின் ரப்பர்க் காட்டுக்கும் நம் மக்கள் சாரிசாரியாகச் சென்றனர். துரையின் மொழி தொழிலாளிக்குத் தெரியாது. துரைக்குத் தெரிந்ததோ ஏவுவதற்கு மட்டும் பயன்பட்ட அரைகுறைத் தமிழ். நடுவிலே நின்றான் கங்காணி! ஊரிலிருந்து ஆள் பிடித்தவன் அவன். முன்பணம் கொடுத்தவன் அவன். வேலைக்கு வந்த தலைகளை எண்ணித் தலைக்காசு பெற்றவனும் அவனே.

இலங்கையிலே 'துண்டு' என்றொரு தாள் இருந்தது. "இந்தக் கூட்டத்தாரின் கடன் இவ்வளவு, இதைச் செலுத்தும் தோட்டம் இவர்களை அழைத்துக்கொள்ளலாம்" என்பதே அதன் பொருள். மனிதனைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தன் தலைவிதி எழுதப்பட்ட தாளைத் தானே படிக்க இயலாத நிலை! நெல்லைச் சீமை ஏழைகள் தேயிலைத் தோட்டத்திலே பட்ட பாட்டைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யிலே எழுதினார். மலேயாவுக்குத் தொழிலாளரை இவ்வாறு அனுப்புவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. கங்காணி முறை மாண்டது. கங்காணி மாண்டானா?

மாளவில்லை! முகவர் என்று பெயர் மாற்றிக்கொண்டான். நேர்மையாகத் தொழில் நடத்தும் முகவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. பதிவு பெற்ற முகவர் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே பெறலாம் என்று விதி வரம்பு கட்டியிருக்கிறது. ஆனால், நிலத்தை ஒற்றி வைத்தும், தாயின் தாலிக்கொடியை அடகு வைத்தும் இலட்சம் இலட்சமாகக் கொட்டுகிறவர்களை நாம் காண்கிறோம். விதி எங்கே, வழக்கம் எங்கே!

நம் ஊரிலே இன்னொரு நடுவரும் உண்டு. சாதகக் கட்டைப் புரட்டி, "கடல் கடக்கும் யோகம் இருக்கிறது" என்று சொல்லிக் காசு பெறும் சோதிடர்! கோவில் புற்றுமண்ணை நெற்றியிலே பூசி, நாகத்தின் உருவை உண்டியலிலே போட்டு, "விசா வரவேண்டும் தாயே" என்று வேண்டுகிறார்கள். கடல் கடந்தால் சாதி கெடும் என்று அன்று சாத்திரம் மிரட்டியது. இன்று கடல் கடக்கவும் சாத்திரத்திடமே நாள் கேட்கிறார்கள்! புற்றுமண்ணுக்குச் செலவிடும் பொழுதிலே பாதியை ஒப்பந்தத் தாளுக்குச் செலவிட்டால் என்ன?

நம்மிடம் படித்த இளைஞர் ஒருவர், அமீரகத்து வேலைக்கான தாளை ஒருநாள் கொண்டு வந்தார். மாதம் 1,500 திர்ஹம் என்று முகவர் வாயாலே சொல்லியிருந்தார். தாளிலே அடிப்படை ஊதியம் 800 என்று இருந்தது, எஞ்சியவை படிகள். "எப்படி எழுதினாலும் கூட்டினால் ஒன்றுதானே, சார்?" என்றார் அவர். ஒன்றல்ல! பணி முடிந்து திரும்பும் நாளில் தரப்படும் கொடை அங்கே அடிப்படை ஊதியத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் ஊதியம். அடிப்படை குறைந்தால் அதுவும் குறையும். இதை விளக்கியதும் அவர் முகம் மாறியது. "ஆறு மாதமாக இந்த முகவரோடு பேசுகிறேன், இதை யாரும் சொல்லவில்லையே" என்றார். முகவர் ஏன் சொல்வார்?

இன்னொன்றும் அவருக்குத் தெரியாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2016 முதல், வேலை வழங்கும் கடிதத்தை அரபு, ஆங்கிலம் ஆகியவற்றோடு தொழிலாளி அறிந்த மூன்றாம் மொழியிலும் தரவேண்டும் என்பது முறை. அந்த மொழிகளின் பட்டியலிலே தமிழும் இருக்கிறது! ஆம், அரபு நாட்டு அரசு நம் மொழிக்கு இடம் தந்திருக்கிறது. நம்மவரோ அதைக் கேட்டு வாங்குவதில்லை. தமிழ்த் தாளும் அரபுத் தாளும் முரண்பட்டால் அரபே செல்லும் என்பதையும் மறக்கலாகாது. ஆகவே, தமிழ்த் தாளைக் கேட்டுப் பெற வேண்டும். அரபுத் தாளின் எண்களையாவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

"பள்ளியிலே இந்தி படித்திருந்தால் வளைகுடாவிலே வாடவேண்டியதில்லையே" என்று நம்மைச் சிலர் இடித்துரைக்கிறார்கள். 1968 சனவரி 23இல் சட்டமன்றம் ஏற்ற இருமொழிக் கொள்கையே இளைஞனின் கையைக் கட்டிவிட்டதாம்! வேலைத் தளங்களிலே இந்தி புழங்குவது உண்மை; பழகினால் சில திங்களிலே பேச்சு வந்துவிடும்; பழகட்டும், தடுப்பார் யார்? ஆனால், ஆங்கே ஒப்பந்தம் அரபிலே, வழக்குமன்றம் அரபிலே. பிறந்தது முதல் இந்தி பேசும் பீகார்த் தோழனின் கடவுச்சீட்டையும் முதலாளி பூட்டி வைத்த நிகழ்ச்சிகள் உண்டே! அவனை இந்தி காத்ததா? தேவைக்குக் கற்பது வேறு, திணிப்பது வேறு.

தேவைக்குக் கற்றால் பயன் பெரிது. சிங்கப்பூரிலே தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஜெர்மனியிலே செவிலியராகப் பதிவு பெற ஜெர்மன் மொழித் தேர்விலே வெல்ல வேண்டும். ஜப்பான் 2019இல் தொடங்கிய தனித்திறன் தொழிலாளர் திட்டத்துக்கும் அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வு உண்டு. மொழியைக் கேட்கும் நாடு தொல்லை தருகிறது என்று எண்ணாதீர்; மொழி கற்றவனை ஏய்ப்பது கடினம்!

பட்டம் பெற்றவனையும் ஏய்க்கிறார்களே என்பீர்கள். உண்மை. 2022இல் தாய்லாந்திலே கணிப்பொறி வேலை என்று அழைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியான்மரிலே அடைக்கப்பட்டனர். இணைய மோசடி செய்யுமாறு வதைக்கப்பட்டனர். எழுத்தறிவு மட்டும் போதாது; ஐயுறும் அறிவும் வேண்டும். "யார் அழைக்கிறார்? எந்த விசா? பதிவு எண் என்ன?" என்று கேட்பதும் பகுத்தறிவே!

தோழர்களே! நம் இயக்கம் ஊர்தோறும் படிப்பகம் கண்டது. ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்டு, பாமரனும் உலகறிந்தான். அந்தப் படிப்பகங்களிலே வாரத்திலே ஒரு மாலையை அயல்நாடு செல்வோருக்கென ஒதுக்குவோம். ஒப்பந்தத்தை வரிவரியாகத் தமிழிலே படித்துச் சொல்வோம். முகவரின் பதிவு எண்ணை அரசின் இ-மைகிரேட் தளத்திலே சரிபார்ப்போம். 1978 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துக்கு வழிகாட்டுவோம். கூலி, விடுப்பு, மருத்துவர், கடவுச்சீட்டு, தூதரகம் — இவற்றுக்கான அரபுச் சொற்களை, ஊர் திரும்பிய தோழர்களைக் கொண்டே கற்பிப்போம். பணம் வேண்டாம், பந்தல் வேண்டாம். மேசை ஒன்றும் மனம் உடைய இருவரும் போதும்.

கையை விற்றுப் பிழைக்கிறான் தொழிலாளி. நாவையும் சேர்த்து அடகு வைக்க அவனை விடலாமா?