நாம் இருக்கும்போதே

திருப்பாதிரிப்புலியூர் அருள்மிகு பாடலீசுவரர் சந்நிதியில் பிரதோஷந்தோறும் ஒரு முதிய தம்பதியரைக் காணலாம். தாயின் முந்தானையைப் பற்றியபடி 41 வயது மகன் நிற்பான். நந்திக்கு அபிஷேகம் ஆகும்போது கைகொட்டிச் சிரிப்பான். அவனுக்கு ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் இன்றும் தாய்தான். அவருக்கு வயது 72.

"உங்களுக்கு என்னங்கம்மா கவலை? சிதம்பரத்தில் திலகவதியார் மாதிரி அக்கா இருக்கிறாளே" என்பர் கோயிலுக்கு வருவோர்.

கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்ட அப்பரடிகள் கரையேறிய தலம் இது. அவரை வளர்த்த தமக்கையின் பெயர் இங்கு நாவில் வருவது இயல்பே. ஆனால் தம்பிக்காக உயிர் தாங்குவது என்பது திலகவதியார் தாமே செய்த முடிவு. ஊரார் அவர்மீது ஏற்றியதன்று. சிதம்பரத்து மகளுக்கோ படுக்கையில் மாமியார், தேய்ந்த முழங்கால்கள். ஆயினும் அவள் மறுக்கவில்லை. மறுக்கமாட்டாள் என்பதே தாயின் கவலை.

'இல்லம்' என்ற சொல்லைத் தாய் முதலில் எடுத்தபோது தந்தை இரண்டு நாள் பேசவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை அவர் மறக்கவில்லை. அச்சம் நியாயமானதே. அது மனநோயாளிகளை அடைத்திருந்த கொட்டகை. அறிவுசார் குறைபாடு அத்தகைய நோயன்று. என்றாலும், கேட்பாரற்றவர்களை அடைக்கும் இடம் எதுவாயினும் அதன் கதி அதுதான். "அதனால்தான், கேட்பதற்கு நாம் இருக்கும்போதே தேடுவோம் என்கிறேன்" என்றார் தாய்.

ஓராண்டு தேடினர். பதிவுச் சான்றைக் கேட்டனர். முன்னறிவிப்பின்றி மாலையில் போய் நின்றனர். இரவில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர், பெயர் சொல்லி அழைக்கிறார்களா, பெற்றோர் எந்நேரமும் வரலாமா என்றெல்லாம் கவனித்தனர். வாயிலிலேயே பேசி அனுப்பிய இடத்துக்கு மறுமுறை போகவில்லை.

18 வயது கடந்த மகனுக்குப் பெற்றோர்கூடத் தாமாகவே சட்டக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. இது பலருக்குத் தெரியாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சான்று பெறவேண்டும். அச்சான்றைக் கொண்டு காப்பாளர் வங்கிக் கணக்கையும் நடத்தலாம். தந்தை அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பொருளீட்ட இயலாத பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் வாழ்நாள் முழுதும் கிடைக்க வழியுண்டு. அதற்குரிய தாள்களையும் இப்போதே சேர்த்து வைத்தார். தமக்குப் பின் மகள் காப்பாளராவது என்று பேசி முடித்தனர். ஊட்டுவதும் தூக்குவதும் அவள் பொறுப்பன்று; போய்ப் பார்ப்பதும் கேள்வி கேட்பதுமே.

முதல்முறை அவன் இரண்டு இரவு தங்கினான். அங்கே அவன் உறங்கவில்லை. இங்கே தாய் உறங்கவில்லை. அடுத்தமுறை தம் பழைய சேலை ஒன்றைக் கொடுத்தனுப்பினார். இப்போது மாதத்தில் பத்து நாள் அங்கே இருக்கிறான். பிரதோஷத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவான்.

சென்ற ஆனித் திருமஞ்சன விழாவில், சிதம்பரம் கீழவீதியில் தேர் அசைந்தபோது அக்காவின் பக்கத்தில் நின்று கைகொட்டினான். அவன் இல்லத்துக்குத் திரும்பவேண்டிய நாள் மறுநாள் என்பதை அன்று மாலை நினைவூட்டியவர் தந்தைதான்.