பெட்டியின் அடியில் கிடந்த தகடு

எங்கள் வாப்பா 22 வருடமாகப் பிறருடைய பட்டறைகளில் கதிரையும் அலுமாரியும் செய்தவர். கடந்த நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வீட்டின் பின்பக்கக் கொட்டிலில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அதற்காக அவர் வாங்கிய பெரிய பொருள் 10 அங்குல மேசை வாள். மேசையின் நடுவிலுள்ள பிளவால் வட்ட வாள் மேலே எட்டிப் பார்க்கும். பலகையை நாம்தான் அதை நோக்கித் தள்ள வேண்டும்.

அவர் பழகிய இயந்திரங்கள் வேறு மாதிரி. இரும்புச் சட்டத்தில் மோட்டாரையும் பட்டியையும் மாட்டி உள்ளூரிலேயே செய்தவை. வாளுக்கு மூடி கிடையாது. வாப்பாவின் இடது சுட்டுவிரலுக்கு நுனி இல்லை. சின்ன வயதில் அதைக் ‘குட்டி விரல்’ என்று சொல்லிப் பிடித்துக்கொண்டுதான் நான் நடப்பேனாம்.

புதிய இயந்திரத்தின் பெட்டிக்குள், எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு பிளாஸ்டிக் மூடியும் சுறாச் செட்டை போல வளைந்த ஓர் இரும்புத் தகடும் கிடந்தன. பொருத்துவதற்கு உதவிக்கு வந்த சாச்சா, “இதெல்லாம் வேலைக்கு இடைஞ்சல். இவ்வளவு காலமும் இதில்லாமத்தானே வெட்டினோம்” என்று ஒதுக்கி வைத்துவிட்டார். கைநூல் முழுவதும் ஆங்கிலம். வாசிக்கும் வேலை எனக்கு வந்தது.

வாள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4000 தடவை சுற்றும். பௌதிகவியலில் படித்த வட்ட இயக்கத்தை வைத்துக் கணக்குப் பார்த்தேன். பல்லின் வேகம் செக்கனுக்கு 53 மீற்றர், அதாவது மணிக்கு 190 கிலோமீற்றர். முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி வெட்டுகின்றன. பின்பக்கப் பற்களோ மேசைக்குள்ளிருந்து மேலே எழும்புகின்றன. வெட்டிய பிளவு பின்னால் நெருங்கி வாளைக் கவ்வினால், அந்தப் பற்கள் பலகையைத் தூக்கித் தள்ளுபவரை நோக்கியே வீசும். கை வாளிடம் தவறிப் போவது ஒரு ஆபத்து. பலகை திடீரென்று விலகக் கை அதோடு இழுபடுவது இன்னொன்று. வாளுக்குப் பின்னால் நிற்கும் இந்தத் தகடு பிளவை மூடவிடாது.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது வாப்பா இடைமறித்தார். “அப்ப இது ஆப்புத்தானே மகள்?” கைவாளால் நீளப் பலகை அறுக்கும்போது வாள் இறுகாமலிருக்கப் பிளவில் ஒரு சிறிய ஆப்பு செருகுவார்களாம். கைநூலின் இரண்டு பக்கத்தை அவர் ஒரு சொல்லில் முடித்துவிட்டார். சாச்சாவும் அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

தகட்டின் தடிப்பு முக்கியம். வாளின் உடம்பைவிடத் தடிப்பாகவும், பற்கள் வெட்டும் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். வேணியர் இடுக்கிமானியால் அளந்தோம்: உடம்பு 1.8, தகடு 2.2, வெட்டு 2.6 மில்லிமீற்றர். பிறகு வாள் நேராக நிற்கிறதா என்று பார்த்தோம். பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு பல்லில் மையால் அடையாளமிட்டு, மேசையிலுள்ள காடியிலிருந்து அதற்குள்ள தூரத்தை முன்னால் ஒரு தடவை அளந்து, வாளைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய் மறுபடியும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக வர எங்களுக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. பலகை சாய்ந்து ஓடும் ஓரச் சட்டத்தையும் அந்தக் காடிக்கு இணையாக்கினோம். அது பின்பக்கம் ஒடுங்கினால் பலகையை வாளோடு நெரித்துவிடும்.

மோட்டார் 1800 வாற்று. 230 வோல்ற்றில் ஏறத்தாழ 8 அம்பியர் இழுக்கும் என்பதால் மெல்லிய நீட்டு வயரை வேண்டாமென்று தனி இணைப்பு எடுத்தோம்.

மேசையை எங்கே வைப்பது என்பதில்தான் உண்மையான வாக்குவாதம். வெளிச்சத்துக்காக முதலில் வைத்த இடத்தில், வாப்பா நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால் அடுப்படிக் கதவு. பலகை திருப்பி அடித்தால் அது போகும் வழி அதுதான். தம்பி ஓடித் திரியும் வழியும் அதுதான். இதைச் சொன்னதும் உம்மா கொட்டிலுக்குள் வந்து நின்றார். மேசை அன்றே சுவரைப் பார்த்துத் திரும்பியது.

சாரம் கட்டிக்கொண்டு வாளருகே போவதை வாப்பா விட்டுவிட்டார். கையுறையும் போடுவதில்லை, பல் அதைக் கவ்வினால் கையையும் சேர்த்து இழுக்கும். ஒடுக்கமான பலகைக்குத் தள்ளுகட்டை இரண்டு செய்து வைத்திருக்கிறார். நான் உள்ளே போகும்போது முந்தானை நுனியைச் சட்டைக்குள் செருகி ஊசி குத்திக்கொள்வேன்.

மரத்தூளுக்குத்தான் இன்னும் வழி பார்க்கவில்லை. உம்மா காயப்போடும் உடுப்பெல்லாம் மஞ்சளாகிறது.